பெயர் மறைக்காத பெருந்தகை ஓர்ட்டேலியஸ்

நூல் ஒன்றைக் கையில் எடுப்போர் தலைப்பைப் பார்ப்பர், ஆசிரியர் பெயரைப் பார்ப்பர், விலையையும் பார்ப்பர். நன்றியுரைப் பக்கத்தை நின்று படிப்போர் மிகச் சிலரே. ஆயினும் ஒருவருடைய அறிவு நேர்மையை அறிய விரும்புவோர் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுவே என்பது நம் கருத்தாகும். அத்தகைய ஒரு பெயர்ப்பட்டியலால் நம் நெஞ்சில் நிலைத்துவிட்ட ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் மன்னரல்லர், மாலுமியல்லர், பல்கலைக்கழகப் பேராசிரியரும் அல்லர். அச்சிட்ட நிலப்படங்களுக்கு வண்ணம் தீட்டி விற்று வாழ்க்கையைத் தொடங்கிய கைவினைஞர். ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ் என்பது அவர் பெயர். ஒரே அளவில், ஒரே அமைப்பில், விளக்கவுரையுடன் கூடிய நிலப்படங்களை ஒரு நூலாகக் கட்டி உலகுக்கு முதன்முதலில் வழங்கியவர் அவரே என்பது அறிஞர் கருத்து. இன்று பள்ளிச் சிறுவர் பையில் சுமந்து செல்லும் அட்லஸ் நூலின் மூதாதை அவரிடமிருந்து பிறந்ததேயாகும்.

பிறப்பும் தொழிலும்

இன்றைய பெல்ஜியம் நாட்டில், ஷெல்ட் ஆற்றங்கரையில் அமைந்த ஆண்ட்வெர்ப் நகரில் 1527ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஓர்ட்டேலியஸ் பிறந்தார். அவருடைய முன்னோர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து குடியேறியவர்கள். அந்நாளில் ஆண்ட்வெர்ப் ஐரோப்பாவின் தலையாய வணிக நகரமாக விளங்கியது. நம் நாட்டின் மேற்குக் கரையிலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் ஏற்றிச் சென்ற மிளகு அந்நகரச் சந்தையில்தான் பெருமளவில் விலைபோயிற்று. கப்பல் வரும் ஊரில் கதைகளும் வரும். கதைகளோடு நிலப்படங்களும் வரும். சிறுவன் ஓர்ட்டேலியஸ் வளர்ந்த சூழல் இதுவே.

இளமையிலேயே தந்தை மறைந்தார். தாயும் சகோதரியர் இருவரும் அடங்கிய குடும்பத்தைத் தாங்கும் கடமை அவர் தோளில் விழுந்தது. 1547ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், ஆண்ட்வெர்ப் நகரத்து ஓவியர் சங்கத்தில் நிலப்படங்களுக்கு வண்ணம் தீட்டுபவராக அவர் பெயர் பதிவாயிற்று. நிலப்படங்களை விலைக்கு வாங்குவார், துணியில் ஒட்டுவார், வண்ணம் தீட்டுவார், சந்தைகளுக்குக் கொண்டு சென்று விற்பார். இப்பணியில் சகோதரியரும் துணை நின்றனர். ஈட்டிய பொருளில் மிஞ்சியதைப் பழைய நாணயங்கள், நூல்கள், நிலப்படங்கள் ஆகியவற்றைத் தேடிச் சேர்ப்பதில் செலவிட்டார். விற்பவராகத் தொடங்கியவர் மெல்ல மெல்லச் சேகரிப்பவராக மாறினார். அவர் திரட்டிய நாணயங்களில் காணப்பட்ட பழந்தெய்வங்களின் உருவங்கள் 1573ஆம் ஆண்டில் தனிநூலாகவே வெளிவந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

செப்புத் தகடும் செதுக்கு கருவியும்

அக்காலத்து நிலப்படம் எவ்வாறு உருவாயிற்று என்பதை இவ்விடத்தில் அறிந்துகொள்வது நலம். நன்கு மெருகிட்ட செப்புத் தகட்டின் மீது கூரிய எஃகுக் கருவியால் கோடுகளைச் செதுக்குவர். ஆறும் மலையும் ஊர்ப்பெயரும், கண்ணாடியில் தெரிவதுபோல், இடம் வலமாக மாறியே தகட்டில் அமைய வேண்டும். பின்னர்த் தகடு முழுவதும் மையைத் தேய்த்து, மேற்பரப்பை மட்டும் துடைத்தெடுப்பர். பள்ளங்களில் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன் மேல் விரித்து, இரண்டு உருளைகளுக்கு இடையே அழுத்தி இழுத்தால், பள்ளத்து மை தாளில் ஏறிவிடும். தகட்டின் விளிம்பு தாளில் ஒரு தடத்தைப் பதித்துச் செல்லும். வண்ணம் அச்சில் வருவதன்று. ஒவ்வொரு படியிலும் கையால் தீட்டப்படுவது. ஆகவே ஒரே தகட்டில் பிறந்த இரு படங்கள் வண்ணத்தால் வேறுபட்டு நிற்பதைக் காணலாம்.

செப்பில் ஒரு சிறப்பு உண்டு. பிழை நேர்ந்த இடத்தைப் பின்புறமிருந்து தட்டிச் சமன் செய்து மீண்டும் செதுக்க முடியும். தவற்றைத் திருத்திக்கொள்ள இடந்தரும் அந்த உலோகம் ஓர்ட்டேலியஸின் இயல்புக்கு மிகவும் பொருந்தியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நட்பும் தூண்டுதலும்

1554ஆம் ஆண்டில் பிராங்க்ஃபர்ட் நகரத்துப் புத்தகச் சந்தையில் கெரார்டஸ் மெர்கேட்டரை ஓர்ட்டேலியஸ் சந்தித்தார். மெர்கேட்டர் அவரினும் பதினைந்து வயது மூத்தவர். கணிதத்திலும் செதுக்குக் கலையிலும் வல்லவர். மத ஐயப்பாட்டின் பேரில் 1544இல் ஏழு மாதங்கள் சிறையிருந்தவர். 1560ஆம் ஆண்டில் இருவரும் பிரான்சு நாட்டுப் பகுதிகளில் பயணம் மேற்கொண்டனர். இந்நட்பே வணிகராயிருந்த ஓர்ட்டேலியஸை நிலவியல் அறிஞராக உயர்த்தியது எனலாம். 1564இல் அவர் எட்டுத் தாள்களில் இதய வடிவில் அமைந்த உலகப் படம் ஒன்றை வெளியிட்டார்.

நூலாகத் தொகுக்கும் எண்ணத்திற்கு வித்திட்டவர் ஒரு வணிகர். ஆண்ட்வெர்ப் நகரத்தில் கப்பல் வாணிகம் செய்த ஹூஃப்ட்மன் என்பவர் வழிகளின் தொலைவை அறியவும், போர்ச் செய்திகளின் போக்கை உணரவும் அடிக்கடி நிலப்படங்களைப் பார்ப்பார். அவையோ பெரிய சுருள்கள். விரிக்க மேசை போதாது. எழுத்துகளும் கண்ணுக்கு எளிதில் புலப்படா. அவரிடம் பணியாற்றிய ராடர்மாகர் என்னும் இளைஞர், ஒரு தாளில் அடங்கும் படங்களைத் தேடித் திரட்டித் தருமாறு ஓர்ட்டேலியஸை வேண்டினார். அவ்வாறு திரட்டிக் கட்டிய தொகுதி வணிகருக்குப் பெரிதும் பயன்பட்டது. ஒருவருக்குப் பயன்பட்டது அனைவர்க்கும் பயன்படலாகாதா என்னும் வினா ஓர்ட்டேலியஸின் உள்ளத்தில் எழுந்தது. ரோம், வெனிஸ் நகரத்து வணிகர்களும் வேண்டுவோர்க்கு நிலப்படங்களைத் தொகுத்துக் கட்டிக் கொடுத்ததுண்டு. ஆனால் அவற்றில் அளவும் அமைப்பும் படத்துக்குப் படம் மாறும். ஓர்ட்டேலியஸோ சிதறிக் கிடந்த நிலப்படங்களில் சிறந்தவற்றைத் தேர்ந்து, ஒரே அளவுக்குச் சுருக்கி, புதிதாகச் செதுக்குவிக்க முனைந்தார். இப்பணி பல ஆண்டுகளை விழுங்கியது. செதுக்கியவர்களுள் தலையாயவர் ஃபிரான்ஸ் ஹோகன்பெர்க் ஆவார்.

உலக அரங்கம் திறந்தது

1570ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், தம் சொந்தச் செலவில், தியேட்ரம் ஓர்பிஸ் டெர்ராரும் என்னும் நூலை ஓர்ட்டேலியஸ் வெளியிட்டார். நிலவுலகின் அரங்கம் என்பது அதன் பொருள். 53 நிலப்படத் தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அந்நாட்டைப் பற்றிய இலத்தீன் விளக்கவுரை. உலகம், கண்டங்கள், நாடுகள், மாநிலங்கள் என்னும் வரிசையில் பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லும் அமைப்பு. கிழக்கிந்தியப் பகுதிகளுக்கெனத் தனிப் படமும் உண்டு. அதில் நம் தீபகற்பமும் இலங்கையும் இடம் பெற்றுள்ளன.

நூலின் விலை மிகுதி. எனினும் வெளிவந்த ஆண்டிலேயே அது நான்கு முறை அச்சேறியது. டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் அவர் வாழ்ந்த காலத்திலேயே பெயர்த்து வெளியிடப்பட்டது. ஆங்கிலத்திலும் இத்தாலிய மொழியிலும் அவர் மறைந்த பின்னர் வெளிவந்தது. 1579ஆம் ஆண்டு முதல் புகழ்பெற்ற கிறிஸ்டோபர் பிளாண்டினின் அச்சகம் அந்நூலை அச்சிட்டது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் அவருக்கு அரச நிலவியலாளர் என்னும் பட்டத்தை வழங்கினார். வண்ணம் தீட்டியவர் மன்னரின் அவைக்கு உரியவரானார்.

எண்பத்தேழு பெயர்கள்

இவ்வெற்றியினும் நம்மைக் கவர்வது நூலின் முற்பகுதியில் உள்ள ஒரு பட்டியலாகும். எவரெவருடைய நிலப்படங்களைத் தாம் பயன்படுத்தினாரோ, எவரெவர் வரைந்தவை தம் அறிவுக்கு எட்டினவோ, அவர்கள் பெயர்களையெல்லாம் அகரவரிசையில் தொகுத்து ஓர்ட்டேலியஸ் அச்சிட்டார். எந்தப் படம், எந்த ஊரில், எவரால் வெளியிடப்பட்டது என்னும் செய்திகளையும் இயன்றவரை சேர்த்தார். முதற்பதிப்பில் இருந்தவர் 87 பேர். பதிப்புதோறும் பட்டியல் வளர்ந்து, இறுதியில் 180ஐக் கடந்தது. தகடுகளைச் செதுக்கிய ஹோகன்பெர்க்கின் உழைப்பையும் முன்னுரையில் குறிப்பிட அவர் மறக்கவில்லை.

அக்காலத்தின் வழக்கத்தை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புலப்படும். ஒருவர் செதுக்கிய படத்தை மற்றொருவர் அப்படியே எடுத்துத் தம் பெயரைப் பொறித்து விற்பது அந்நாளில் இயல்பான வாணிகம். கேட்பாரும் இலர், தடுக்கும் சட்டமும் பெரும்பாலும் எல்லை தாண்டிச் செல்வதில்லை. ஓர்ட்டேலியஸ் அவ்வாறே செய்திருந்தாலும் அவரை எவரும் குறை கூறியிருக்கமாட்டார். கட்டாயம் இல்லாத இடத்தில் அவர் நேர்மையைக் கைக்கொண்டார் என்பதே நோக்கத்தக்கது. அதன் பயனை அவரே எதிர்பார்த்திருப்பாரா என்பது ஐயமே. அப்பட்டியலில் உள்ள படங்கள் பல பின்னாளில் அழிந்துபோயின. அவற்றை வரைந்தோர் சிலர் இவ்வுலகில் வாழ்ந்து பணியாற்றினர் என்பதற்கு இன்று அப்பட்டியலே சான்றாக நிற்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் காரோ 1993இல் வெளியிட்ட பதினாறாம் நூற்றாண்டு நிலப்படக்காரர் பற்றிய பெருநூல் அப்பட்டியலையே அடித்தளமாகக் கொண்டு எழுந்தது.

இவ்வியல்புக்கு மற்றொரு சான்று வேல்ஸ் நாட்டுப் படமாகும். ஹம்ஃபிரி லூயிட் என்னும் வேல்ஸ் நாட்டு அறிஞர் 1568 ஆகஸ்ட் மாதத்தில் இறக்கும் தறுவாயில், தாம் அரும்பாடுபட்டுத் தொகுத்த நிலப்படச் செய்திகளை ஓர்ட்டேலியஸுக்கு அனுப்பிவைத்தார். அம்மாதத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. உரிமை கோர எவரும் இல்லாத அச்செல்வம் கடல் கடந்து வேறொரு நாட்டில், ஒரு வணிகரின் கையில் இருந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 1573ஆம் ஆண்டின் இணைப்புத் தொகுதியில் அப்படம் வெளிவந்தது. அதில் பொறிக்கப்பட்டிருந்த பெயர் லூயிட் என்பதே. வேல்ஸ் நாட்டுக்கென அச்சான முதல் நிலப்படம் அது. இறந்தவரின் நம்பிக்கை வீண்போகவில்லை.

திருத்திக்கொள்ளும் பண்பு

அறிந்ததை அறிந்தவர் பெயரால் சொல்லியவர், தவறியதைத் தவறு என ஒப்பவும் தயங்கவில்லை. 1570ஆம் ஆண்டின் உலகப் படத்தில் தென் அமெரிக்காவின் தென்மேற்குக் கரை பெரிதாகப் புடைத்துக் காணப்பட்டது. 1587இல் புதிதாகச் செதுக்கிய தகட்டில் அப்புடைப்பு நீக்கப்பட்டது. படிப்போர் அனுப்பும் திருத்தங்களையும் புதுப் படங்களையும் அவர் விரும்பி ஏற்றார். அதனால் பதிப்புதோறும் படங்கள் பெருகின. அவர் மறைவுக்குப் பின் வந்த பெரும்பதிப்புகளில் அவற்றின் எண்ணிக்கை 150ஐக் கடந்தது.

1596ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நிலவியல் அகராதியின் விரிவான பதிப்பில் வியப்பான கருத்து ஒன்றையும் அவர் எழுதினார். அமெரிக்கக் கண்டம் ஒருகாலத்தில் ஐரோப்பாவோடும் ஆப்பிரிக்காவோடும் ஒட்டியிருந்ததென்றும், நிலநடுக்கங்களாலும் வெள்ளங்களாலும் பிய்ந்து விலகியதென்றும், எதிரெதிர்க் கரைகளின் வடிவை ஒப்பிட்டால் இது விளங்குமென்றும் அவர் கருதினார். ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வேகனர் கண்டப் பெயர்ச்சிக் கொள்கையை 1912இல் முன்வைப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இது எழுதப்பட்டது. வாழ்நாள் முழுவதும் கரைகளைக் கூர்ந்து நோக்கிய கண்ணுக்கே இது புலப்பட்டிருக்கும்.

எரியும் நகரில் அமைதியாக

இவ்வளவும் அமைதியான காலத்தில் நிகழ்ந்தன என்று எண்ணிவிடலாகாது. மதப் பூசலால் அந்நாடு பற்றி எரிந்த காலம் அது. 1576 நவம்பரில் ஊதியம் பெறாத ஸ்பானியப் படைவீரர் ஆண்ட்வெர்ப் நகரைச் சூறையாடினர்; ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1585இல் நீண்ட முற்றுகைக்குப் பின் நகரம் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மக்கள்தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஓர்ட்டேலியஸின் உறவினர் சிலர் இலண்டனுக்குப் பெயர்ந்து வாழ்ந்தனர். அவருடைய நெருங்கிய நண்பர்களுள் இரு தரப்பினரும் இருந்தனர். அவர் நகரைவிட்டு நிலையாக அகலவில்லை. மாற்றுக் கருத்தினரோடு கடிதத் தொடர்பையும் அறுத்துக்கொள்ளவில்லை. நண்பர்களின் கையெழுத்தும் ஓவியமும் அடங்கிய ஏடு ஒன்றை அவர் பேணிவந்தார். பல நாட்டு அறிஞர் அதில் எழுதியுள்ளனர். 1577இல் இங்கிலாந்து சென்ற அவர், வில்லியம் கேம்டன் என்னும் இளம் அறிஞரை அந்நாட்டின் தொன்மை பற்றி நூலெழுதத் தூண்டினார். 1586இல் அந்நூல் வெளிவந்தது.

ஓர்ட்டேலியஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1598ஆம் ஆண்டு கோடையில் ஆண்ட்வெர்ப் நகரிலேயே மறைந்தார்.

தகடுகளின் பயணமும் சேகரிப்போர் கடமையும்

ஆசிரியர் மறைந்தாலும் செப்புத் தகடு மறைவதில்லை. அவருடைய தகடுகளை 1601இல் விரிண்ட்ஸ் என்னும் பதிப்பாளர் வாங்கினார். 1612இல் விரிண்ட்ஸ் மறைந்தபின் அவை பிளாண்டினின் வழித்தோன்றலான மொரேட்டஸ் குடும்பத்தாரிடம் சென்றன. இதற்குள் நிலப்படத் தொழில் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் பெயரத் தொடங்கியிருந்தது. மெர்கேட்டரின் தகடுகளை வாங்கிய ஹோண்டியஸ் குடும்பத்தாரும், பின்னர் பிளாவ் குடும்பத்தாரும் அத்தொழிலில் கொடிகட்டிப் பறந்தனர். யோவான் பிளாவ் 1662இல் பதினொரு தொகுதிகளாக மாபெரும் அட்லஸை வெளியிட்டார். 1672இல் நேர்ந்த தீ அவருடைய அச்சகத்தை அழித்தது. ஆண்ட்வெர்ப் நகரில் பிளாண்டின் அச்சகம் இருந்த மாளிகை 1877 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இன்று ஓர்ட்டேலியஸின் படங்களை உலகெங்கும் உள்ள சேகரிப்போர் தேடித் தேடி வாங்குகின்றனர். தாளை ஒளிக்கு எதிரே பிடித்து அதன் வரிகளைப் பார்ப்பர். தகட்டின் விளிம்புத் தடத்தைத் தடவிப் பார்ப்பர். பின்புறத்து விளக்கவுரை எம்மொழியில் உள்ளது, பக்க எண் யாது என ஆராய்ந்து எவ்வாண்டுப் பதிப்பைச் சேர்ந்தது எனத் துணிவர். ஆனால் இச்சந்தைக்காகவே முழு நூல்கள் பல பிரிக்கப்பட்டு ஒவ்வொரு தாளாக விற்கப்பட்டன என்பது வருத்தத்திற்குரியது. சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய படம் அழகாகவே இருக்கிறது. எனினும் படத்தைப் பிரித்தெடுத்தபோது பெயர்ப்பட்டியல் நூலிலேயே நின்றுவிடுகிறது. எவர் உழைப்பில் பிறந்ததென்று சொல்லும் பக்கத்தைச் சுவரில் மாட்டுவோர் அரிது.

நடுநிலையோடு நோக்கினால் அப்பட்டியலுக்கும் ஓர் எல்லை உண்டு. நூலின் முகப்பு ஓவியத்தில் ஐரோப்பா முடிசூடிய அரசியாக மேலே வீற்றிருக்க, ஏனைய கண்டங்கள் கீழே நிற்கின்றன. அமெரிக்கா ஆடையின்றிக் கிடக்கிறது. படம் வரைந்தோர்க்குக் கிடைத்த இடம், அவர்களுக்குக் கரையையும் ஆழத்தையும் ஊர்ப்பெயரையும் சொல்லிக்கொடுத்த கிழக்குக் கடலோர மாலுமிகளுக்கும் மீனவர்க்கும் கிடைக்கவில்லை. இதனால் ஓர்ட்டேலியஸின் பெருமை குறைந்துவிடாது. ஆனால் நன்றியின் பட்டியல் என்றும் முற்றுப்பெறுவதில்லை என்னும் பாடத்தை இது நமக்கு உணர்த்துகிறது.

நாம் கற்ற பாடம்

இதனை எழுதும்போது நம் குற்றம் ஒன்றையும் மறைக்க மனம் வரவில்லை. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதிய நாளில், நூலகங்களில் எங்கும் கிடைக்காத பழம்பதிப்பு ஒன்று தேவைப்பட்டது. சிற்றூரில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் தம் அலமாரியிலிருந்து அதனை எடுத்து, துணியில் சுற்றி, திருப்பித் தரும் நாளைக்கூடக் கேளாமல் நம் கையில் கொடுத்தார். ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முழுவதும் அந்நூலைச் சார்ந்தே அமைந்தது. அவசரத்தில் அச்சிட்டுக் கட்டினோம். நன்றியுரையில் நெறியாளர் பெயர் இருந்தது; நூலகர் பெயர் இருந்தது; கணினியில் அச்சிட்டவர் பெயரும் இருந்தது. பெரியவர் பெயர் விடுபட்டுப் போயிற்று. நூலைத் திருப்பித் தரச் சென்றபோது ஆய்வேட்டையும் காட்டினோம். அவர் முதலில் புரட்டியது நன்றியுரைப் பக்கத்தையே. சிறிது நேரம் பார்த்துவிட்டு மூடிவைத்தார். தேநீர் அருந்திவிட்டுத்தான் போக வேண்டும் தம்பி என்று உள்ளே சொல்லி அனுப்பினார். வேறொன்றும் சொல்லவில்லை. நம் படியில் அவர் பெயரைப் பேனாவால் எழுதிச் சேர்த்தோம். அதை அவரிடம் காட்டச் செல்வதற்குள் அவர் இறையடி சேர்ந்துவிட்டார். பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள படியில் அவர் பெயர் இன்றும் இல்லை.

ஆகவே, இம்மலரைக் கையில் ஏந்தும் மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. கட்டுரை எழுதுகையில் எந்த நூலிலிருந்து எடுத்தீர்களோ அதன் ஆசிரியரைக் குறிப்பிடுங்கள். குறிப்பேடு தந்த தோழரையும், ஊர்க்கதை சொன்ன பாட்டியையும் குறிப்பிடுங்கள். ஒரு பெயரை எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதத் தவறியதால் நேர்ந்த சுமையை நாம் அறிவோம். அதனை எண்பத்தேழு முறை தவறாமல் எழுதிய ஓர்ட்டேலியஸின் பெருமையையும் அதனாலேயே அறிவோம்.